தண்ணீர்த் தொட்டி வேலியாகாது

“காட்டுக்குள் தீனியும் தண்ணீரும் இல்லை. அதனால்தான் மானும் பன்றியும் யானையும் ஊருக்குள் வருகின்றன.” மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நடக்கும் எந்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். கோடை தொடங்கியதும் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் இதுவே செய்தியாகிறது. விவசாயிகள் சங்கத்தாரும் காட்டுயிர் ஆர்வலர்களும் ஆட்சியில் இருப்பவர்களும் மற்ற எல்லாவற்றிலும் முரண்பட்டாலும் இதில் ஒன்றுபடுகிறார்கள். காரணம் இதுதான் என்று முடிவுகட்டிவிட்டால் தீர்வும் உடனே கிடைத்துவிடுகிறது: காட்டுக்குள் சிமெண்ட் தொட்டி கட்டு, டேங்கர் லாரியில் தண்ணீர் நிரப்பு, பலாவும் மூங்கிலும் நடு, விதைப்பந்து வீசு. வயிறு நிறைந்த விலங்கு வரப்பைத் தாண்டாது என்பது நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. கிடைக்கும் ஆதாரமெல்லாம் இதற்கு எதிராகவே இருக்கிறது. இதை நம்பிக்கொண்டிருப்பதால் பயிரும் போகிறது, விலங்கும் சாகிறது, மனிதரும் சாகிறார்கள்.

எதிர்த்தரப்பை அதன் வலுவோடுதான் எதிர்கொள்ள வேண்டும். காடு சீர்கெட்டிருக்கிறது என்பது உண்மை. இந்தியாவில் புலி வாழும் காடுகளின் பரப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் உண்ணிச்செடி பரவியிருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அது மூடிய இடத்தில் புல் முளைப்பதில்லை. யானைகளின் வலசைப் பாதைகளில் விடுதிகளும் கல்வி நிறுவனங்களும் எழுந்திருக்கின்றன. சீகூர் பகுதியில் வலசைப் பாதையை மறித்த விடுதிகள் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, பாதையைக் காக்கும் அரசாணை 2020-ல் உறுதி செய்யப்பட்டது. வறண்ட ஆண்டுகளில் ஓடைகள் வற்றி, விலங்குகள் அணைக்கட்டுகளையும் ஆற்றோரங்களையும் நோக்கி இறங்குவதும் உண்மை. விலங்கை வில்லனாக்காமல் அதன் பக்கத்து நியாயத்தைப் பார்க்கும் நல்ல மனமும் இந்தக் கருத்தின் பின்னால் இருக்கிறது. இவ்வளவையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் காடு சீர்கெட்டிருப்பதால்தான் பயிர் மேயப்படுகிறது என்ற முடிவையும், காட்டை நிரப்பினால் மேய்ச்சல் நின்றுவிடும் என்ற அடுத்த முடிவையும் ஏற்க முடியாது. என் மறுப்புகள் வருமாறு.

1. பருவக் கணக்கு இடிக்கிறது. பசியும் தாகமும்தான் காரணம் என்றால், காடு காய்ந்து கிடக்கும் பிப்ரவரி முதல் மே வரை பயிர்ச்சேதம் உச்சத்தில் இருக்க வேண்டும். மழை பெய்து புல் தழைத்ததும் அது அடங்க வேண்டும். ஆனால் தாளவாடி மலையிலும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலும் மானாவாரி விவசாயி பரணில் இரவைக் கழிப்பது ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மார்கழியிலும். ராகியும் மக்காச்சோளமும் பால்பிடித்து முற்றும் மாதங்கள் அவை. அப்போது காடு பச்சைப் பசேலென்று நிற்கிறது, ஓடையில் தண்ணீர் ஓடுகிறது. யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் 1981 முதல் 1983 வரை சத்தியமங்கலம், சாமராஜநகர் காட்டோரக் கிராமங்களில் இதைத் தொடர்ந்து பதிவு செய்தார். யானைகள் வயலுக்கு வருவது காடு வறளும் மாதங்களைவிடக் கேழ்வரகு முற்றும் மாதங்களோடு ஒத்துப்போவதை அவருடைய ஆய்வு காட்டியது. கோடையிலும் சேதம் நடக்கத்தான் செய்கிறது. அது பெரும்பாலும் கிணற்றுப் பாசனத்தில் வாழையும் கரும்பும் நிற்கும் தோட்டங்களில் நடக்கிறது. மழைக்காலச் சேதம், கோடைச் சேதம் இரண்டையும் பயிர் எப்போது எங்கே நிற்கிறது என்ற ஒரே கணக்கு விளக்கிவிடுகிறது. பசிக் கணக்கு பாதியைத்தான் விளக்குகிறது, அதுவும் அரைகுறையாக.

2. வருகிறவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு காட்டில் உணவுப் பஞ்சம் வந்தால் முதலில் அடிபடுவது பால் கொடுக்கும் தாயும் பால் மறந்த குட்டியும்தான். ஆகவே குட்டிகளோடு கூடிய கூட்டங்களே வயலை முதலில் தேடி வர வேண்டும். சுகுமாரும் மாதவ் காட்கிலும் சேர்ந்து 1988-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் கண்டது. குடும்பக் கூட்டத்தில் உள்ள ஒரு யானை வயலுக்கு வந்ததைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு தடவை வளர்ந்த ஆண் யானை வந்தது. காட்டில் நன்றாகவே பிழைக்கக்கூடிய, உடல்வலு மிக்க விலங்கு அது. வெடிக்கும் பந்தத்துக்கும் அஞ்சாமல் அது ஏன் வருகிறது? உடலைப் பெருக்கினால் மற்ற ஆண்களை வெல்லலாம், இணை சேரலாம். அந்த ஆதாயத்துக்காக ஆண் யானை ஆபத்தை ஏற்கிறது, குட்டியை அருகில் வைத்திருக்கும் தாய் ஏற்பதில்லை. பட்டினி என்ற சொல்லால் இந்த வேறுபாட்டை விளக்கவே முடியாது. சத்தான உணவுக்காகத் துணிவது என்று பார்த்தால் எளிதாக விளங்கிவிடுகிறது.

3. கேள்வியே தலைகீழாகக் கேட்கப்படுகிறது. காட்டில் என்ன இல்லை என்று தேடுகிறோம், வயலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. யானை ஒன்றுக்கு நாளுக்கு ஏறத்தாழ 150 கிலோ பசுந்தீவனம் வேண்டும். அதைச் சேர்க்க அது ஒரு நாளின் பெரும்பகுதியை மென்றே கழிக்கிறது. காட்டுப் புல் முற்ற முற்ற நாரும் சிலிக்காவும் ஏறிப் புரதம் இறங்குகிறது. காட்டுச் செடிகள் பல, தின்னப்படாமல் தப்பிக்கக் கசப்பையும் நஞ்சையும் முள்ளையும் வைத்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உழவர் தேர்ந்து தேர்ந்து விதைத்த பயிரில் அந்தத் தற்காப்புகள் குறைந்துபோய், மாவும் இனிப்பும் புரதமும் கூடியிருக்கின்றன. அதை வரிசை பிடித்து, உரமிட்டு, ஒரே இடத்தில் நெருக்கமாக நிறுத்தியிருக்கிறோம். சுகுமாரின் ஆய்வும் காட்டுப் புல்லைவிடப் பயிரில் புரதமும் கால்சியமும் சோடியமும் கூடுதல் என்றே கண்டது. வீட்டில் சோறு இருக்கிறது என்பதற்காகக் கல்யாணப் பந்தியை யாரும் ஒதுக்குவதில்லை. நீலகிரியில் கரடிகள் கோவில்களுக்குள் புகுந்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகின்றன. கூடலூரிலும் வால்பாறையிலும் யானைகள் ரேஷன் கடைச் சுவரை இடித்து அரிசி மூட்டையை இழுக்கின்றன. எந்தக் காட்டிலும் எண்ணெய்ச் சட்டியும் அரிசி மூட்டையும் இருந்து தீர்ந்துபோகவில்லை. மீன் வளர்ப்புக் குட்டையிலும் இதே கதைதான். பக்கத்து ஏரியில் மீன் இருந்தும் நீர்க்காகம் குட்டையைத் தேடி இறங்குகிறது. ஆழமில்லாத தண்ணீரில் மீன்குஞ்சுகள் நெருக்கமாக நீந்தும்போது சில முழுக்குகளிலேயே அதற்கு வயிறு நிறைந்துவிடுகிறது. மீன் வளர்ப்பவர் யாரும் ஏரியில் மீன்குஞ்சு விடச் சொல்லி மனு எழுதுவதில்லை. குட்டைக்கு மேல் வலை விரிக்கிறார், குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு கட்டுகிறார். அந்தத் தெளிவு வயல் விஷயத்தில் நமக்கு வரவில்லை.

4. வருகிற விலங்குகளில் பல காட்டிலிருந்தே வருவதில்லை. தமிழ்நாட்டு விவசாயி இன்று அதிகம் புலம்புவது மயிலையும் காட்டுப்பன்றியையும் பற்றித்தான். கோவை, திருப்பூர் சமவெளியில் விதைத்த மறுநாளே நிலக்கடலையைக் கிளறித் தின்னும் மயில், காப்புக்காட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. ஓடைக்கரைப் புதரில் முட்டையிட்டுத் தோட்டத்து மரத்தில் அடைகிற பறவை அது. காட்டுப்பன்றி சீமைக்கருவேலங் காட்டுக்குள்ளும், தூர்ந்த கண்மாய்க்குள்ளும், ஏன், கரும்புத் தோட்டத்துக்குள்ளேயும் பகலைக் கழித்துவிட்டு இரவில் பக்கத்துக் கொல்லையை உழுது போடுகிறது. மலையே கண்ணுக்குத் தெரியாத வட்டாரங்களிலும் பன்றிச் சேதம் உண்டு. அங்கே மலைக்காட்டில் கட்டப்படும் தண்ணீர்த் தொட்டி எதைத் தடுக்கும்? காட்டில் தீனி இல்லை என்ற விளக்கம் இந்த இரண்டு விலங்குகளையும் தொடக்கூட முடியாமல் நிற்கிறது. ஆனால் மாநிலத்தின் பயிர்ச்சேதப் புகார்களில் பெரும் பங்கு இவற்றைப் பற்றியது.

5. நிறைந்த காட்டில் கொண்டுபோய் விட்டவையும் திரும்பி நடந்தன. சின்னத்தம்பி யானையைத் தமிழ்நாடு மறந்திருக்காது. 2019 ஜனவரியில் கோவை தடாகம் பகுதியில் பிடித்து, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வரகளியாறு காட்டில் விட்டார்கள். தமிழ்நாட்டின் வளமான காடுகளில் அது ஒன்று. சில நாள்களிலேயே சின்னத்தம்பி காட்டை விட்டு வெளியேறி உடுமலை, மடத்துக்குளம் பக்கம் வந்து, கரும்பும் நெல்லும் நின்ற வயல்களில் தங்கிவிட்டது. விரட்ட விரட்ட அந்த வயல்களிலேயே சுற்றியது. பிப்ரவரியில் மறுபடி பிடிக்க வேண்டியிருந்தது. கேரளத்தின் சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்று பேர்வாங்கிய அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் இறுதியில் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். வற்றாத ஏரியைச் சுற்றிய காடு அது. ஒரு மாதத்துக்குள் அந்த யானை கம்பம் நகரத் தெருவில் ஓடியது. ஜூன் மாதம் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள். இடம்பெயர்த்த விலங்கு தன் பழைய இடத்தைத் தேடுவது இயல்புதானே என்று கேட்கலாம். தேடும்தான். ஆனால் தேடிய வழியில் கரும்பு கண்டதும் ஒரு யானை அங்கேயே நின்றுவிட்டதே, அதை எப்படி விளக்குவது? தீவனமும் நீரும் இருந்தால் போதும் என்பது சரியாக இருந்தால் இந்த இரண்டு யானைகளும் விட்ட காட்டிலேயே இருந்திருக்க வேண்டும். வயலைச் சுவைத்துப் பழகிய விலங்குக்குக் காட்டின் வளம் ஒரு வேலியாக இருப்பதில்லை.

6. காட்டை நிரப்பும் வேலை காட்டையே கெடுக்கும். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் 1930-களிலிருந்து பல பத்தாண்டுகளாக 300-க்கும் மேற்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் அமைத்துக் காட்டு விலங்குகளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் பூங்காவின் வறண்ட வடபகுதிக்குத் தண்ணீர் வந்ததும் வரிக்குதிரைக் கூட்டங்கள் அங்கே குடியேறின, அவற்றைத் தொடர்ந்து சிங்கங்கள் வந்தன. அந்த வறட்சியை நம்பியே எதிரிகளிடமிருந்து தப்பி வாழ்ந்த ரோன் என்ற பெரிய மான் வகை 1986-ல் ஏறத்தாழ 450 இருந்தது, 1993-ல் ஏறத்தாழ 45 ஆகச் சுருங்கியது. பூங்கா நிர்வாகமே பிறகு கிணறுகளை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியது. வறட்சி ஒரு காட்டின் குறைபாடு அன்று. எண்ணிக்கையை அளவோடு வைத்திருப்பதும், கூட்டங்களை நகர்த்துவதும், மேய்ந்த புல்லுக்கு ஓய்வு கொடுப்பதும் அதுதான். புள்ளிமானும் பன்றியும் செழித்த ஆண்டில் விரைவாகப் பெருகும். பன்றி ஒரு ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் போடும். தொட்டித் தண்ணீரும் நட்ட பழமரமும் அந்தப் பெருக்கத்துக்குத் துணை நின்றால், அடுத்த ஆண்டு வரப்பருகே நிற்கும் வாய்கள் கூடத்தான் செய்யும். இன்னொன்றும் இருக்கிறது. டேங்கர் லாரி போகிற இடத்தில்தான் தொட்டி கட்ட முடியும். லாரி போவது சாலை ஓரத்துக்கும் காட்டின் விளிம்புக்கும். ஆக, ஊரைவிட்டு விலங்கை விலக்கக் கட்டிய தொட்டி அதை ஊருக்கு அருகிலேயே இரவு தோறும் கூட்டி வைக்கிறது.

7. காடு நிறைந்திருந்த காலத்திலேயே வயலுக்குக் காவல் தேவைப்பட்டது. இந்தக் கருத்துக்குள் ஒரு பழங்கனவு ஒளிந்திருக்கிறது: முன்பு காடு செழிப்பாக இருந்தது, விலங்கு தன் எல்லையில் நின்றது, இப்போதுதான் எல்லாம் குலைந்துவிட்டது. நம் பழைய இலக்கியமே இதை மறுக்கிறது. குறிஞ்சித்திணை முழுக்கத் தினைப்புனக் காவல்தான். குறிஞ்சிப்பாட்டில் தலைவி பரண்மேல் இருந்து, தழல், தட்டை, குளிர் என்ற கருவிகளால் ஓசையெழுப்பிக் கிளி ஓட்டுகிறாள். பன்றிக்குக் கற்பொறி வைத்ததையும், யானை மேய்ந்த புனத்தையும், கவண்கல் எறிந்ததையும் சங்கப் பாடல்கள் மீண்டும் மீண்டும் சொல்கின்றன. உண்ணிச்செடி அன்று இந்த நாட்டுக்கே வந்திருக்கவில்லை, மலையில் விடுதி இல்லை, தேயிலைத் தோட்டம் இல்லை. காடு கடல்போல் சூழ்ந்திருந்தது. அப்போதும் தினை முற்றினால் விலங்கு வந்தது, மனிதர் காவல் காத்தார்கள். விளைச்சலுக்கான உழைப்பில் ஒரு பகுதி அதைக் காப்பது என்று அந்தச் சமூகம் தெளிவாக அறிந்திருந்தது. இரவுக் காவலுக்கு வீட்டில் ஆள் இல்லாத காலத்தில் நாம் வாழ்கிறோம். பிள்ளைகள் பள்ளியிலும் வெளியூர் வேலையிலும் இருக்கிறார்கள். மறைந்துபோனது காவல். அதன் இடத்தை நிரப்ப வேண்டிய வேலையை விட்டுவிட்டுக் காட்டை நிரப்பப் புறப்பட்டிருக்கிறோம்.

8. தவறான விளக்கம் உயிரைக் குடிக்கிறது. இதுதான் என் கோபத்துக்குக் காரணம். பிரச்சினை காட்டுக்குள் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் வரப்பில் நிற்கும் விவசாயிக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பழைய சேலைகளைக் கம்பில் கட்டி நிலத்தைச் சுற்றுகிறார், பட்டாசு கொளுத்துகிறார், தகர டப்பா தட்டுகிறார். சில இரவுகளில் பன்றி பழகிவிடுகிறது. பிறகு ஒருநாள் மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு கம்பியை இழுத்து வேலியில் கொக்கி போடுகிறார். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படிப்பட்ட ஒரு கம்பியில் மூன்று யானைகள் மடிந்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. வீட்டு மின்சாரத்தில் 230 வோல்ட் இடைவிடாமல் பாய்கிறது. தொட்ட உடலின் தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும், விடுபட வழியில்லை. யானைக்கும் பன்றிக்கும் மட்டுமல்ல, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் அதே முடிவுதான். இந்தக் குற்றத்துக்குச் சட்டம் தண்டனை தர வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் முறையான வேலி கைக்கு எட்டாத இடத்தில்தான் இந்தக் கொலைக்கம்பி முளைக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முறையான மின்வேலி என்பது வேறு ஒரு பொருள் என்பதே பலருக்குத் தெரியவில்லை. பேட்டரியோ சூரியத் தகடோ கொடுக்கும் மின்சாரத்தை ஒரு கருவி சிறு சிறு துடிப்புகளாக மாற்றிக் கம்பியில் அனுப்புகிறது. ஒரு துடிப்பு நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே இருக்கும். அடுத்த துடிப்புக்கு முன் ஒரு நொடியாவது இடைவெளி உண்டு. அந்த இடைவெளிதான் உயிர் காக்கிறது, தொட்ட விலங்கு சுரீரென்று வலித்து விலகிவிடும். பன்றிக்குத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முதல் கம்பி ஓட வேண்டும், இல்லையேல் அடியில் முட்டி நுழைந்துவிடும். மானுக்குக் கம்பிவலை என்றால் எட்டடி உயரமாவது வேண்டும். யானைக்கு, மேலிருந்து தொங்கும் கம்பிகள் கொண்ட வேலி சாய்த்துத் தள்ள முடியாதபடி இருக்கிறது. இவை எல்லாவற்றையும் தோற்கடிப்பது கம்பியடியில் வளரும் புல். மழை பெய்த பத்து நாளில் புல் ஏறிக் கீழ்க் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் கசிந்து, வேலி வெறும் கம்பியாகிவிடுகிறது. பேட்டரியில் தண்ணீர் வற்றினாலும் அதே கதி. யானை கூர்மையான மாணவன். தந்தம் மின்சாரத்தைக் கடத்தாது என்பதையும், மரத்தைச் சாய்த்துக் கம்பியை அறுக்கலாம் என்பதையும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. ஆகவே வேலி என்பது நட்டுவிட்டுப் போகும் பொருளன்று, புல் வெட்டி, மின்னழுத்தம் பார்த்து, அறுந்ததை அன்றே கட்டும் தினசரி வேலை. பழைய புனக்காவலின் இன்றைய வடிவம் அதுதான்.

இனி எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன். வேலி போட்டால் விலங்கு பக்கத்து வயலுக்குப் போகும், வலசைப் பாதை அடைபடும் என்பது முதல் கேள்வி. மிகச் சரியான கேள்வி. அவரவர் தம் நிலத்தைச் சுற்றிக் கட்டும் தனி வேலிக்கு இது முழுக்கப் பொருந்தும். வசதியுள்ளவர் வேலியில் முட்டித் திரும்பிய பன்றி வசதியில்லாதவரின் அரை ஏக்கரில்தான் இறங்கும். அதனால்தான் ஊர் வேலி வேண்டும் என்கிறேன்: பயிர் நிலங்களையும் வீடுகளையும் சேர்த்துச் சுற்றி, வலசைப் பாதையைத் திறந்து விட்டு, ஊரே சேர்ந்து பராமரிக்கும் வேலி. இலங்கை இதில் தோல்வி, வெற்றி என்ற இரண்டு பாடங்களையும் நமக்கு வைத்திருக்கிறது. அங்கே 4,000 கிலோமீட்டருக்கும் மேல் மின்வேலி போட்டார்கள். அதில் பெரும்பகுதி வனத்துறை நிலத்துக்கும் வனஜீவராசிகள் துறை நிலத்துக்கும் இடையிலான நிர்வாக எல்லையில் ஓடியது. வேலியின் இரு பக்கமும் யானைகள் இருந்தன, அந்த வேலி யாரையும் காக்கவில்லை. பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும் இதை மாற்றி, கிராமத்தையும் நெல்வயலையும் சுற்றி வேலி போட்டார்கள். வயல் வேலியை விதைப்பின்போது விவசாயிகளே நட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். கழற்றிய வயலில் யானைகள் தாளை மேயலாம். அடைக்க வேண்டியது பயிரை, விலங்கை அன்று என்ற அந்த எளிய மாற்றத்தில்தான் வெற்றி இருந்தது. 2020-ல் உருவான இலங்கையின் தேசியச் செயல்திட்டமும் இந்த அடிப்படையில் எழுதப்பட்டது.

நாம்தான் காட்டை ஆக்கிரமித்தோம், அந்த நிலத்தில் வேலி போட நமக்கு என்ன உரிமை என்பது இரண்டாவது கேள்வி. இந்த ‘நாம்’ யார் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். வலசைப் பாதையை மறித்து விடுதி கட்டியவரும், மலைச்சரிவைத் தோட்டமாக்கிய நிறுவனமும், அணைக்காகப் பள்ளத்தாக்கை மூழ்கடித்த அரசும் இரவில் பரணில் உட்காரவில்லை. உட்கார்ந்திருப்பவர் பட்டா நிலத்தில் இரண்டு ஏக்கர் ராகி விதைத்த குறு விவசாயி, பல இடங்களில் பழங்குடி விவசாயி. ஊரார் எல்லாரும் செய்த தவறுக்கு அவர் ஒருவரின் விளைச்சலை அபராதமாகக் கட்டச் சொல்வதில் நீதி இல்லை. காட்டுயிர் பாதுகாப்பு நாட்டின் பொதுக் கடமை என்றால் அதன் செலவும் பொதுவில் இருந்துதான் வர வேண்டும். வலசைப் பாதையை மீட்பதையும், உண்ணிச்செடியை அகற்றுவதையும் நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அவை காட்டின் நலனுக்காகச் செய்ய வேண்டியவை. பயிர்ச்சேதத்துக்கு மருந்து என்று சொல்லி அவற்றை விற்றால், சேதம் குறையாதபோது மக்கள் அந்த நல்ல வேலைகளின் மீதும் நம்பிக்கை இழப்பார்கள்.

சுட்டுவிட்டால் தீருமே என்பது மூன்றாவது கேள்வி. இது எதிர்முனையிலிருந்து வருகிறது, ஆனால் அதே தவறான விளக்கத்தின் குழந்தை. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். மலைக்குத் தொலைவான சமவெளியில் பெருகிவிட்ட பன்றிக்கு இது ஓரளவு பயன்படலாம். ஆனால் வயல் திறந்தே கிடந்தால், சுட்ட பன்றியின் இடத்துக்கு அடுத்த ஈற்றுக் குட்டிகள் வந்து சேரும். உணவு இருக்கும் வரை இடம் காலியாக இருக்காது. சுடுவது வேலிக்குத் துணையாகலாம், மாற்றாகாது. மயிலுக்கு அந்த வழியும் கிடையாது. 1963 முதல் தேசியப் பறவையான அது, 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. விதைத்த முதல் இரண்டு வாரம் வலை விரித்துக் காப்பதும், இழப்பீட்டைத் தாமதமின்றிக் கொடுப்பதும்தான் வழி.

அப்படியானால் பணம் எங்கே போக வேண்டும் என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகள் 2023-ல் வந்துவிட்டன. தரமற்ற வேலியைத் தடுக்கும் அந்த விதி, தரமான வேலியை எளிய விவசாயியின் கைக்கு எட்டச் செய்யும் திட்டத்தோடு சேர்ந்து நடக்க வேண்டும். இன்று மானியம் தனி விண்ணப்பதாரருக்குப் போகிறது. அதை ஊர்க் குழுவுக்கு மாற்ற வேண்டும், கம்பி வாங்கும் தொகையோடு புல் வெட்டும் கூலிக்கும் பேட்டரி மாற்றும் செலவுக்கும் ஆண்டுதோறும் ஒதுக்கீடு வேண்டும். ரேஷன் கடையும் அங்கன்வாடியும் காட்டோரத்தில் அரிசியை இரவில் வைத்திருக்காத ஏற்பாடு வேண்டும். வால்பாறையில் யானை இருக்குமிடத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் மக்களுக்கு அறிவித்தே உயிரிழப்பைக் குறைக்க முடிந்திருக்கிறது. காட்டில் ஒரு பலா மரம்கூட நடாமல் கிடைத்த பலன் அது. இவை எல்லாமே மனிதர் வாழும் பக்கத்தில் செய்யும் வேலைகள். நம் கட்டுப்பாட்டில் இருப்பதும் அந்தப் பக்கம் மட்டுமே.

காட்டில் தீனி இல்லை என்ற பேச்சு இரக்கம்போல் ஒலிப்பதால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் அந்த இரக்கம் யானைக்கும் உதவவில்லை, விவசாயிக்கும் உதவவில்லை. தொட்டி கட்டிய ஒப்பந்தக்காரருக்கும், செய்துவிட்டோம் என்று கணக்குக் காட்டும் அலுவலகத்துக்கும்தான் உதவியிருக்கிறது. விலங்கு நல்ல உணவைத் தேடும், அது குற்றமும் இல்லை, நோயும் இல்லை. விளைந்ததைக் காப்பாற்ற விவசாயிக்கு உரிமை உண்டு, அதற்கு உயிரெடுக்காத கருவியைக் கொடுப்பது அரசின் கடமை. அடுத்த பட்ஜெட்டில் காட்டுக்குள் புதிய தொட்டிகளுக்கு நிதி கேட்கும் ஒவ்வொரு உறுப்பினரிடமும் அவருடைய தொகுதி விவசாயிகள் ஒன்றைக் கேட்க வேண்டும்: எங்கள் ஊரைச் சுற்றி எத்தனை கிலோமீட்டர் வேலி, அதன் அடியில் புல் வெட்ட யாருக்குச் சம்பளம்?